பெட்ரோல் விலையும் மஞ்சள் விளக்கும்

திங்கட்கிழமையிலிருந்து சர்வீஸ் மேசை உங்கள் இருவருடையது. மெஷின்களைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஃபில்டர் மாற்றுவது, அழுத்தம் பார்ப்பது எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். கட்டணப் பட்டியலை மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. கம்ப்யூட்டரில் அது ஒரே ஒரு பக்கம். பெட்ரோல் விலை ஏறினாலோ இறங்கினாலோ ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் போதும், மற்ற கட்டங்கள் தாமாக மாறிக்கொள்ளும். அப்படி மாறும்படி அதை அமைத்தவள் நான். அது எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொண்ட பிறகு அந்த எண்ணைத் தொடுங்கள்.

நம் கடை மயிலாப்பூரில் இருக்கிறது. நம் மெஷின்கள் இருப்பது படுக்கையறைகளில். மூச்சுக்குத் திணறுகிறவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மெஷின், எழ முடியாதவர்களுக்கான கட்டில், சளி உறிஞ்சும் கருவி என்று வாடகைக்குக் கொடுக்கிறோம். வாடகை தனி. பழுது என்று கூப்பிட்டால் ஆள் போய் வருவதற்கு விசிட்டிங் சார்ஜ் தனி. நான் சேர்ந்தபோது அந்த சார்ஜ் எல்லோருக்கும் ஒன்றுதான். அடுத்த தெருவில் இருந்து கூப்பிட்டாலும் பாலவாக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் ஒரே தொகை.

பெட்ரோல் ஏறிக்கொண்டே போன ஒரு மாதத்தில் முதலாளி டெக்னீஷியன்களின் பில்களை என் மேசைமேல் வைத்தார். "பாரும்மா, இதுக்கு இன்னொரு கடை வாடகைக்கு எடுத்திருக்கலாம். நீ படிச்ச பொண்ணு, ஏதாவது கணக்கா செய்" என்றார்.

செய்தேன். நகரப் படம் ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டினேன். நம் கடை இருக்கும் இடத்தில் காம்பஸ் முள்ளைக் குத்தி நான்கு வட்டங்கள் போட்டேன். முதல் வட்டத்தில் மயிலாப்பூர், அபிராமபுரம், நந்தனம். இரண்டாவதில் தி.நகர், அடையாறு. மூன்றாவதில் பாலவாக்கம் வரை. நான்காவது, அதற்கு அப்பால் உள்ள எல்லாம். உள்வட்டத்துக்குப் பழைய சார்ஜே. வெளியே போகப் போகப் பெட்ரோல் விலையோடு சேர்ந்து ஏறும், இறங்கும். யார் அதிகப் பெட்ரோல் செலவு வைக்கிறார்களோ அவர்கள் அதிகம் கொடுக்கட்டும் என்பதில் எனக்கு அநியாயம் எதுவும் தெரியவில்லை. இப்போது படித்தாலும் அந்த வாக்கியத்தில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படத்தை முதலில் பார்த்துச் சிரித்தவர் பாஸ்கர். ஆக்சிஜன் மெஷின்களைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியன், நீங்கள் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். அரசாங்கம் கரையோர வீடுகளை அகற்றியபோது அவர் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். வேலை மட்டும் மயிலாப்பூரிலேயே தங்கிவிட்டது.

"இன்னா மேடம், நம்ம ஊடு வட்டத்துக்கே வெளில கீது?"

"நாலாவது வட்டம் பாஸ்கர்."

"அப்ப தெனம் காலைல நான் வர்றதுக்கு யாரு சார்ஜ் குடுப்பா? நீங்களா, சாரா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தி.நகருக்குக் கிளம்பிவிட்டார். அவர் கேட்டது ஒரு கேள்வி என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

பட்டியலோடு கூட இன்னொரு விதியும் அதே வாரத்தில் வந்தது. பாஸ்கர் மாலையில் வீட்டுக்குப் போகும்போது பெரும்பாக்கத்தில் இருக்கும் நம் மெஷின்களை வழியில் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். ஃபில்டரைக் கழற்றித் தட்டிக் கழுவிக் கொடுப்பார். டீயோ, கையில் இருக்கும் சில்லறையோ கொடுப்பார்கள். முதலாளிக்கு இது தெரிந்துவிட்டது. "கடை மெஷின், கடை ஸ்பேர், கலெக்ஷன் மட்டும் உனக்கா? ஆபீஸ்ல பதிஞ்சு, சார்ஜ் கட்டி டிக்கெட் போடாம எவன் மெஷினைத் தொட்டாலும் அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பாஸ்கருக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். அன்றோடு நிறுத்திவிட்டார்.

பட்டியல் நன்றாக வேலை செய்தது. பாலவாக்கத்தில் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் புது சார்ஜைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்காவது வட்டத்தில் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "சரிம்மா, சொல்றேன்" என்று வைத்தார்கள். அந்த அழைப்புகள் எங்கும் பதிவாகவில்லை. டிக்கெட் போட்டால்தான் அழைப்பு, போடாவிட்டால் அது வெறும் போன். மாதக் கடைசியில் வெளிவட்ட அழைப்புகள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன, பெட்ரோல் பில்லும் இறங்கியிருந்தது. முதலாளி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "சும்மா சும்மா கூப்பிட்டுக்கிட்டு இருந்தவன் எல்லாம் இப்ப அடங்கிட்டான் பாத்தியா" என்றார். எண்களும் அப்படித்தான் சொல்லின.

மல்லிகா அக்கா கடைக்கு வந்தது அதற்கு அடுத்த மாதம். அவருடைய கணவர் செல்வம் சுவருக்கு வெள்ளையடிப்பவர். சுண்ணாம்புத் தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. இரவும் பகலும் நம் ஆக்சிஜன் மெஷினில்தான் இருந்தார். அவர்களும் ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் போனவர்கள், பாஸ்கருக்கு அடுத்த பிளாக். அக்கா அபிராமபுரத்தில் மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்தார். விடியும்முன் பஸ் ஏறி வந்து, மாலையில் திரும்பிப் போவார்.

"மெஷின்ல மஞ்ச லைட்டு எரிஞ்சிக்கினே கீதும்மா. ஆளு அனுப்புனா எவ்ளோ ஆவும்?"

சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"வாடகையே நான் சமைக்கிற ஊட்டம்மா கிட்ட சம்பளத்த முன்னாடி வாங்கித்தாம்மா கட்டுனேன்" என்றார். பிறகு, உள்ளே கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த பாஸ்கரைப் பார்த்தார். "நைனா, நீ போற வழிதானே. ஒரு எட்டு மேல ஏறிப் பாத்துட்டுப் போயேன்."

பாஸ்கர் என்னைப் பார்த்தார்.

மஞ்சள் விளக்கு என்றால் மெஷின் தரும் காற்றில் ஆக்சிஜனின் அளவு குறைகிறது என்று பொருள். சிவப்பு இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஃபில்டர் அடைப்பாக இருக்கும், உடனே ஆபத்து இல்லை. இதெல்லாம் என் மனதில் வரிசையாக ஓடின. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"டிக்கெட் இல்லாம போக முடியாது அக்கா. நீங்க சரின்னா இப்பவே போட்டுடறேன்" என்றேன்.

"யக்கா, என் வேலை போயிரும்" என்றார் பாஸ்கர் தாழ்ந்த குரலில். "சத்தம் போட்டுச்சுன்னா பிளாஸ்திரி ஒட்டிக்கோ. மாசம் பொறந்ததும் டிக்கெட் போடு, நானே வர்றேன்."

இந்தப் பிளாஸ்திரி விஷயம் எனக்குப் புதிது. பிறகுதான் தெரிந்துகொண்டேன். மஞ்சள் விளக்கு எரியும்போது மெஷின் விட்டுவிட்டுக் கூவும். நோயாளி தூங்க முடியாது, சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் நம் டெக்னீஷியன்கள் போனிலேயே, கூவும் ஓட்டையின்மேல் பிளாஸ்திரி ஒட்டச் சொல்லிவிடுவார்கள். மறுநாள் அவர்களே போய் ஃபில்டரைச் சரிசெய்து பிளாஸ்திரியைப் பிய்த்துவிடுவார்கள். மறுநாள் ஆள் போய்க்கொண்டிருந்தவரை அதில் ஒரு கெடுதலும் இல்லை. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை, ஏனென்றால் மேசையில் இருந்த யாருக்கும் அது தெரியாது.

மல்லிகா அக்கா, "மாசம் பொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

மாதம் பிறப்பதற்குள் மழை பிறந்துவிட்டது. ஒரு மதிய நேரம், தெருவில் கணுக்கால் தண்ணீர், மேசைபோன் அடித்தது. அன்று மழை என்பதால் அக்கா வேலைக்கு வராமல் வீட்டில் இருந்தார்.

"அம்மா, மல்லிகா பேசறேன். இப்ப ஆளு வந்தா எவ்ளோ ஆவும்?"

"அக்கா, இன்னா ஆச்சு சொல்லுங்க." பதற்றத்தில் அவர் பேச்சே என் வாயில் வந்துவிட்டது.

"மெஷின் ஓடிக்கினுதான் கீது. இவருக்கு ஒதடு நீலமா பூட்ச்சி. நகமெல்லாம் நீலம். கூப்ட்டா முழிக்கிறாரு, பேச மாட்டேன்றாரு."

உதடு நீலமாகிப்போன கணவரின் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் முதலில் கேட்டது விலை. அதை நினைத்துப் பார்க்க அப்போது நேரமில்லை. ஆனால் அந்தக் குரல் என்னைவிட்டு இன்னும் போகவில்லை.

இப்படி ஒரு அழைப்பு உங்களுக்கும் வரும். அப்போது மெஷினைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். நமக்குத் தெரிந்தது மெஷின் என்பதால் கை அங்கேதான் போகும். 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் நீங்களே முகவரியைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நோயாளியைப் படுக்கவிடாமல் நிமிர்த்தி உட்காரவைக்கச் சொல்லுங்கள். பிறகு, எங்கே நிரப்பிய சிலிண்டர் இருக்கிறது என்று யோசியுங்கள். நான் அந்த வரிசையில்தான் செய்தேன். செய்தது சரி என்று டாக்டரும் பிறகு சொன்னார்.

பாஸ்கர் பாலவாக்கத்தில் ஒரு வீட்டில் கட்டில் மோட்டாரைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெரியவருக்கும் நம் ஆக்சிஜன் மெஷின்தான். கரண்ட் போனால் வேண்டும் என்று ஒரு சிலிண்டரும் வைத்திருந்தார்கள். கடையிலிருந்து சிலிண்டர் அனுப்பினால் அந்த மழையில் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. பாஸ்கரின் போனிலேயே பெரியவரின் மகளிடம் பேசினேன். இன்னொருவருக்கு ஆபத்து, உங்கள் சிலிண்டரைக் கொடுக்க முடியுமா, மாலைக்குள் வேறு அனுப்புகிறேன் என்றேன். மழையில் கரண்ட் போகிற நாள் அது. மறுத்திருந்தால் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

"இதுக்குப் போய் கேட்டுண்டு நிக்கறேளே! எடுத்துண்டு போகச் சொல்லுங்கோ. அப்பா நன்னாதான் இருக்கா" என்றார்.

பாஸ்கர் சிலிண்டரை ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் நிறுத்தி, முழங்கால்களால் அணைத்துக்கொண்டு போனார். ஆம்புலன்ஸ் தண்ணீரில் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். லிஃப்டுக்குக் காத்திராமல் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறி, மாஸ்க்கை மாட்டி, செல்வத்தின் விரல் நிறம் கொஞ்சம் திரும்பும்வரை பார்த்துவிட்டுத்தான் எனக்குப் பேசினார்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம் மேடம். மூச்சு கீது."

"மெஷின்ல என்ன பாஸ்கர்?"

மெஷினின் பின்மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"ஃபில்டரு களிமண்ணு மாதிரி கீது. பக்கத்துல கட்டடம் கட்றாங்கல்ல, அந்தத் தூசி. மஞ்ச லைட்டு எரியுது." பிறகு சொன்னார்: "பிளாஸ்திரி ஒட்டிக் கீது மேடம். நாலு மடிப்பு."

செல்வம் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் இறந்துவிட்டார். நுரையீரல் ஏற்கெனவே போய்விட்டது, மெஷின் சரியாக இருந்திருந்தாலும் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மல்லிகா அக்கா நம்மை ஒரு சொல் சொல்லவில்லை. போலீஸ் வரவில்லை. நம் ரெக்கார்டில் அந்த வீட்டிலிருந்து வந்த அழைப்பு ஒன்றே ஒன்று, அதற்கு உடனே ஆள் போயிருக்கிறார். பார்த்தால் நம் பக்கம் ஒரு தாமதமும் இல்லை.

காரியம் முடிந்த பிறகு அக்கா கூப்பிட்டார்.

"அந்த மெஷின எடுத்துக்கினு போயிடுங்கம்மா. அது அங்க நின்னுக்கினு இருந்தா தூக்கம் வர்ல. எடுக்க வர்றதுக்கு எவ்ளோ ஆவும்?"

பட்டியலில் அதற்கும் ஒரு வரி இருந்தது. மெஷினைத் திரும்ப எடுத்துவருதல், நான்காவது வட்டம். அன்றைய பெட்ரோல் விலைக்கு அது தயாராக ஒரு தொகையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்ல அக்கா. நானும் வரேன்" என்றேன்.

பாஸ்கரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் தினமும் வந்து போகும் அந்தச் சாலையில் நான் போனது அதுதான் முதல் தடவை. பஸ் நிறுத்தங்களில் எல்லாம் நகரத்துக்குள் வேலை முடித்துத் திரும்பும் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் படத்தின் முதல் வட்டத்தில் காலையில் சமைத்து, துடைத்து, துவைத்துவிட்டு நான்காவது வட்டத்துக்குத் தூங்க வருகிறவர்கள். பாஸ்கர் கேட்ட கேள்வி அந்தச் சாலையில்தான் எனக்கு விளங்கியது. பெட்ரோல் போட்டு இவ்வளவு தூரமும் தினம் வந்துகொண்டிருந்தது அவர். ஒவ்வொரு மாலையும் நம் டெக்னீஷியன் ஒருவர் சொந்தப் பெட்ரோலில் அந்த வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். இல்லாத ஒரு பயணத்துக்கு நான் விலை போட்டிருந்தேன்.

வீட்டில் கட்டில் சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மெஷினைத் துடைத்து, ஒயரைச் சுற்றி, துணி போட்டு மூடி வைத்திருந்தார் அக்கா. நாங்கள் உள்ளே வந்ததும் அலமாரியிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து நீட்டினார்.

"வேண்டாம் அக்கா."

"பரவால்லம்மா, வச்சிக்கோ. அன்னிக்கு மழையில இவன் வந்ததுக்கு."

"அதுக்கும் வேண்டாம். நிஜமாத்தான் சொல்றேன்."

அவர் நோட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபமே இல்லாமல், கணக்கு ஒன்று புரியாதவர் கேட்பதுபோலக் கேட்டார்:

"அப்ப அன்னிக்கே வேணான்னு சொல்லிருக்கலாமேம்மா?"

பாஸ்கர் மெஷினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். கீழே வந்து பார்த்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, நகத்தால் பிளாஸ்திரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்ததால் துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது.

மறுநாள் முதலாளியிடம் போனேன். வட்டங்களை எடுத்துவிடுவோம், பெட்ரோல் ஏற்றத்தை எல்லா அழைப்புகளுக்கும் சமமாகப் பிரித்துப் போடுவோம் என்றேன்.

"மயிலாப்பூர்காரன் எதுக்கும்மா பெரும்பாக்கத்துக்குப் பெட்ரோல் போடணும்?"

"அவங்க வீட்டு சமையலுக்குப் பெரும்பாக்கத்துலேர்ந்துதானே சார் ஆள் வருது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது சர்வீஸ் கடைம்மா. பஞ்சாயத்து இல்ல."

தனக்கு ஆபத்து இருந்தும் சிலிண்டரைக் கொடுத்தனுப்பிய பாலவாக்கத்து வீட்டைப் பற்றிச் சொன்னேன். ஒரு அழைப்புக்கு ஒரு காபி விலைகூட ஏறாது என்று கணக்கைக் காட்டினேன். மாலையில் வீடு திரும்பும் டெக்னீஷியன்களுக்கு அவர்கள் பக்கத்து அழைப்புகளை டிக்கெட் போட்டுக் கொடுத்தால் அந்த நீண்ட பயணமே இருக்காது என்றேன். அவர் நல்லவர்தான், ஆனால் வாடகையும் சம்பளமும் அவர் தலையில்தான். கடைசியில் மூச்சுக் கருவிகளுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் வட்டங்கள் இன்றும் இருக்கின்றன. நீங்கள் பார்க்கப்போகும் பட்டியல் அதுதான், பாதி திருத்திய பட்டியல். மீதியை என்னால் செய்ய முடியவில்லை.

பாஸ்கர் அடுத்த பொங்கலுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போனார். நான் தடுத்துப் பார்த்தேன். மாலை டிக்கெட் இப்போது இருக்கிறதே, உங்களுக்காகத்தானே சார் ஒத்துக்கொண்டார் என்றேன்.

"அங்கயும் கிலோமீட்டருக்குத்தான் மேடம் துட்டு" என்றார். "இன்னா, லேட்டா போனா பிரியாணி ஆறிப்பூடும். அவ்ளோதான்."

மல்லிகா அக்காவை இப்போதும் சில காலைகளில் அபிராமபுரம் பஸ் நிறுத்தத்தில் பார்க்கிறேன். நலமா என்பார். நானும் கேட்பேன். பஸ் வந்துவிடும்.

மேசையில் உட்கார்ந்ததும் உங்களுக்கு வலதுபுறம் அந்தப் படம் தெரியும். கழற்ற வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். நம் கடை இருக்கும் இடத்தில் காம்பஸ் முள் குத்திய ஓட்டையைப் பாருங்கள். எல்லாத் தூரத்தையும் நான் அங்கிருந்துதான் அளந்தேன். நோயாளி யாரும் அங்கே இல்லை.

பெட்ரோல் விலை மறுபடி ஏறும். எண்ணை மாற்றச் சொல்வார்கள், மாற்றுங்கள், அது உங்கள் வேலை. மாற்றிய மாதத்தில் எந்தப் பகுதியிலிருந்து அழைப்பு குறைகிறது என்று பாருங்கள். குறைந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், விலையைக் கேட்டுவிட்டு வைத்தவர்கள் யார் என்று எழுதிவைத்து, நீங்களே திரும்பக் கூப்பிடுங்கள். போனை எடுத்ததும் எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். மெஷினில் என்ன நிற விளக்கு எரிகிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு, கூவும் ஓட்டையின்மேல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள்.